அமெரிக்காவில் சொத்து அப்ரைசர் ஆக என்ன படிக்க வேண்டும், லைசென்ஸ் எப்படி வாங்குவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் வங்கிக் கடனில் வீடு வாங்கிய பலருக்கும் அப்ரைசர் வந்துபோனது நினைவிருக்கும். வீட்டை அளப்பார், படம் எடுப்பார், சில கேள்விகள் கேட்டுவிட்டுப் போய்விடுவார். பிறகு ஓர் அறிக்கை வரும். அதில் இருக்கும் மதிப்பைப் பார்த்துத்தான் வங்கி எவ்வளவு கடன் கொடுக்கலாம் என்று கணக்குப் போடும். இந்த வேலைக்கு வர நினைக்கும் தமிழர்கள் முதலில் கேட்பது வகுப்பைப் பற்றியும் தேர்வைப் பற்றியும்தான். ஆனால் இந்தப் பாதையில் ஆட்கள் நின்றுபோகும் இடம் வேறு. கற்றுக்கொடுக்க ஒரு மேற்பார்வையாளர் கிடைக்காமல்தான் பலர் பாதியில் விடுகிறார்கள். அதனால் அந்தக் கேள்விக்கு மட்டும் கீழே பதில் நீளமாக இருக்கும்.

ஏஜென்ட் சொல்லும் விலைக்கும் அப்ரைசர் சொல்லும் மதிப்புக்கும் என்ன வித்தியாசம்?

ஏஜென்ட் அக்கம்பக்கத்தில் விற்ற வீடுகளைப் பார்த்து, இவ்வளவுக்குப் பட்டியலிடலாம் என்று ஆலோசனை சொல்கிறார். வீடு விற்றால் அவருக்குக் கமிஷன் உண்டு. அப்ரைசருக்கு அந்த விற்பனையில் எந்தப் பங்கும் இருக்கக் கூடாது. மதிப்பு இவ்வளவு வந்தால்தான் கட்டணம் என்று பேசி வேலை எடுப்பதே தொழில்விதிப்படி தவறு. அவர் சொல்லும் மதிப்புக்கு எழுத்தில் காரணம் காட்ட வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும், பின்னால் யாராவது கேட்டால் பதில் சொல்லவும் வேண்டும்.

வீட்டின் பழுது பார்க்கும் இன்ஸ்பெக்டரும், சொத்து வரிக்காக ஊர் முழுவதையும் மதிப்பிடும் கவுன்டி அலுவலரும் வேறு வேலை செய்பவர்கள். அவர்களுக்கான தகுதிகளும் தனி.

இதற்கு ஏன் இவ்வளவு கட்டுப்பாடு?

1980-களில் அமெரிக்காவின் சேமிப்பு, கடன் நிறுவனங்கள் வரிசையாக விழுந்தன. 1986 முதல் 1995 வரை இப்படி மூடப்பட்டவை ஆயிரத்துக்கும் மேல். காரணங்கள் பல, அவற்றில் ஒன்று, கடன் கொடுப்பவர் விரும்பிய எண்ணையே எழுதிக்கொடுத்த மதிப்பீடுகள். அப்போது பெரும்பாலான மாநிலங்களில் அப்ரைசர் என்று சொல்லிக்கொள்ளத் தகுதி எதுவும் தேவைப்படவில்லை. 1989 ஆகஸ்டில் நிறைவேறிய ஃபிர்ரியா சட்டத்தின் 11-வது பகுதிதான் இதை மாற்றியது. கூட்டாட்சி அரசின் மேற்பார்வைக்கு உட்பட்ட கடன்களுக்கான மதிப்பீட்டை, மாநிலம் லைசென்ஸோ சான்றோ கொடுத்தவர்தான் செய்ய வேண்டும் என்று அது சொன்னது. 2008 வீட்டுக்கடன் நெருக்கடிக்குப் பின் வந்த 2010-ன் டாட்-ஃபிராங்க் சட்டம், அப்ரைசருக்கு நெருக்கடி கொடுப்பதையே தடை செய்தது.

படிப்பு மணி நேரங்களை எண்ணி எண்ணிக் கேட்கிறார்களே என்று எரிச்சல் வரலாம். ஒரு மதிப்பீடு தப்பானால் நஷ்டம் அந்தக் குடும்பத்துக்கும் வங்கிக்கும் வரும், அந்தத் தெருவில் அடுத்து விற்கும் வீடுகளையும் தொடும். எனக்கு இந்தக் கட்டுப்பாடு நியாயமாகவே படுகிறது.

லைசென்ஸ் கொடுப்பது மத்திய அரசா, மாநிலமா?

கொடுப்பது மாநிலம். டெக்ஸாஸிலும் கலிஃபோர்னியாவிலும் இருப்பதுபோல ஒவ்வொரு மாநிலத்திலும் இதற்கென ஒரு வாரியமோ துறையோ உண்டு. ஆனால் குறைந்தபட்சத் தகுதி என்ன என்பதை அப்ரைசல் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பின் கீழுள்ள தகுதி வாரியம் வகுக்கிறது. அதே ஃபவுண்டேஷனின் இன்னொரு வாரியம், 'யூஸ்பேப்' எனப்படும் தொழில் நெறிமுறைத் தொகுப்பை வெளியிடுகிறது. மாநிலங்கள் ஒழுங்காக நடக்கின்றனவா என்று பார்ப்பது கூட்டாட்சி அரசின் அப்ரைசல் துணைக்குழு.

மாநிலம் இந்தக் குறைந்தபட்சத்துக்கு மேலே கேட்கலாம், கீழே போக முடியாது. கீழே நான் கொடுக்கும் எண்கள் எல்லாம் அந்தக் குறைந்தபட்சம்தான். உங்கள் மாநிலம் கூடுதலாகக் கேட்கிறதா என்று அதன் வாரிய இணையதளத்தில் பார்த்துவிட்டு அப்புறம் முடிவெடுங்கள். சில மாநிலங்களில் நான்கு நிலைகளும் இருக்காது.

அது என்ன நான்கு நிலைகள்?

முதலாவது, பயிற்சி நிலை. தனியாகக் கையெழுத்துப் போட முடியாது. மேற்பார்வையாளரின் கீழ், அவருக்கு அனுமதியுள்ள வேலைகளை மட்டும் செய்யலாம்.

அடுத்தது லைசென்ஸ் பெற்ற குடியிருப்பு அப்ரைசர். ஒன்று முதல் நான்கு குடித்தனம் வரை உள்ள வீடுகளில், சிக்கல் இல்லாதவை என்றால் 10 லட்சம் டாலருக்குக் குறைவான பரிவர்த்தனைகளையும், சிக்கலானவை என்றால் 4 லட்சம் டாலருக்குக் குறைவானவற்றையும் செய்யலாம். ஏரிக்கரையில் ஒப்பிட வேறு வீடே இல்லாமல் தனியாக நிற்கும் வீடு போன்றவை சிக்கலானவை.

மூன்றாவது, சான்று பெற்ற குடியிருப்பு அப்ரைசர். நான்கு குடித்தனம் வரையிலான எந்த வீட்டையும், விலை வரம்போ சிக்கலோ பார்க்காமல் செய்யலாம். நான்காவது, சான்று பெற்ற பொது அப்ரைசர். இவருக்குக் கடை, அலுவலகம், கிடங்கு, அடுக்குமாடித் தொகுப்பு, பண்ணை என்று எல்லா வகைச் சொத்தும் திறந்திருக்கும்.

சட்டம் அனுமதித்துவிட்டது என்பதற்காக எதை வேண்டுமானாலும் எடுத்துச் செய்துவிட முடியாது. அந்த வகைச் சொத்தையும் அந்தப் பகுதிச் சந்தையையும் மதிப்பிடும் திறமை தனக்கு இருக்கிறதா என்று ஒவ்வொரு வேலைக்கு முன்பும் பார்க்க வேண்டும் என்பது யூஸ்பேப் விதி.

கல்லூரிப் பட்டம் கட்டாயமா?

பயிற்சி நிலைக்கும் லைசென்ஸ் நிலைக்கும் தேவையில்லை. 2018-ல் விதி தளர்த்தப்படும் முன் லைசென்ஸ் நிலைக்கே 30 கல்லூரி கிரெடிட் கேட்டார்கள். இப்போது அது இல்லை.

பொது அப்ரைசருக்கு இளநிலைப் பட்டம் கட்டாயம். எந்தப் பாடத்தில் என்பது பிரச்சினை இல்லை.

நடுவில் இருக்கும் சான்று பெற்ற குடியிருப்பு நிலைக்குத்தான் வழிகள் பல. ஏதோ ஒரு இளநிலைப் பட்டம் இருந்தால் போதும். வணிகம், கணக்கியல், நிதி, பொருளாதாரம், ரியல் எஸ்டேட் ஆகியவற்றில் இரண்டாண்டு அசோசியேட் பட்டமும் ஏற்கப்படும். பட்டமே இல்லையென்றால் குறிப்பிட்ட பாடங்களில் 30 கிரெடிட் சேர்க்கலாம்: ஆங்கிலக் கட்டுரை, நுண்பொருளியல், பேரியல் பொருளியல், நிதி, கணிதம், புள்ளியியல், கணினி, வணிகச் சட்டம் இப்படி. வகுப்புக்குப் போகாமல் 'கிளெப்' தேர்வுகள் எழுதியும் இவற்றை ஈடுகட்டலாம். இன்னொரு வழி, லைசென்ஸ் நிலையில் ஐந்து ஆண்டுகள் ஒழுங்கு நடவடிக்கை எதுவும் இல்லாமல் வேலை பார்த்தவர் பட்டம் இல்லாமலேயே மேலே போவது. குடும்பத்தைக் கவனித்துக்கொண்டு, கல்லூரிக்குப் போக முடியாமல் இருப்பவர்களுக்கு இந்தக் கடைசி வழி பெரிய உதவி. இதைப் பற்றிப் பலருக்குத் தெரியவே தெரியாது.

இந்தியாவிலோ இலங்கையிலோ வாங்கிய பட்டம் செல்லுமா?

செல்லும். ஆனால் அப்படியே சான்றிதழை இணைத்து அனுப்ப முடியாது. அது அமெரிக்கப் பட்டத்துக்கு இணையானது என்று அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றின் அறிக்கை வேண்டும். நேசஸ் என்ற கூட்டமைப்பின் உறுப்பினர் நிறுவனங்கள் தரும் அறிக்கை ஏற்கப்படுகிறது.

நான்கு ஆண்டு பொறியியல் பட்டம் என்றால் பெரும்பாலும் சிக்கல் வராது. பி.எஸ்ஸி., பி.காம். போன்ற மூன்றாண்டுப் பட்டங்களை எல்லா நிறுவனங்களும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை. பணம் கட்டும் முன் அந்த நிறுவனத்திடமும் மாநில வாரியத்திடமும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். முதுநிலைப் பட்டமும் இருந்தால் இரண்டையும் சேர்த்தே அனுப்புங்கள்.

வகுப்பில் எத்தனை மணி நேரம், என்ன சொல்லித் தருவார்கள்?

பயிற்சி நிலைக்கு அடிப்படை 75 மணி நேரம்: மதிப்பீட்டுக் கோட்பாடுகள் 30, நடைமுறைகள் 30, யூஸ்பேப் 15. இது போக, மேற்பார்வையாளரும் பயிற்சி பெறுபவரும் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் ஒரு சிறு வகுப்பு. மதிப்பீட்டில் பாரபட்சம், நியாயமான வீட்டுவசதிச் சட்டங்கள் பற்றிய 8 மணி நேரப் பாடமும் 2026 ஜனவரி 1 முதல் சேர்ந்திருக்கிறது. ஒரே மாதிரி வீடு, குடியிருப்பவரின் நிறத்தைப் பார்த்து மதிப்பு குறைந்தது என்ற புகார்கள் அமெரிக்காவில் நீண்ட காலமாக இருக்கின்றன. இந்தப் பாடம் முன்பே வந்திருக்க வேண்டும்.

லைசென்ஸ் நிலைக்கு அந்த அடிப்படை 75-க்கு மேல் இன்னொரு 75 மணி நேரம். சந்தை ஆய்வு, நிலத்தின் மதிப்பு, கட்டுமானச் செலவை வைத்து மதிப்பிடுவது, விற்ற வீடுகளோடு ஒப்பிடுவது, வாடகை வருமானத்தை வைத்து மதிப்பிடுவது, அறிக்கை எழுதுவது எல்லாம் இதில் வரும். சான்று பெற்ற குடியிருப்பு நிலைக்கு மொத்தம் 200 மணி நேரம், பொது அப்ரைசருக்கு 300. பொது நிலையின் 300-ல் வருமான முறைக்கு மட்டுமே 60 மணி நேரம் போகிறது. வணிகச் சொத்துகளை வாங்குபவர்கள் வருமானத்தைப் பார்த்துத்தான் விலை பேசுகிறார்கள் என்பதால் அது அவசியம்தான்.

முதல் யூஸ்பேப் வகுப்பையும் தேர்வையும் தவிர்க்கவே முடியாது. மற்ற வகுப்புகளில் பெரும்பாலானவை ஆன்லைனில் கிடைக்கின்றன. இன்னொன்றையும் கவனியுங்கள்: பயிற்சி நிலைக்கு விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய ஐந்து ஆண்டுகளுக்குள் அந்தப் படிப்பை முடித்திருக்க வேண்டும். படித்துவிட்டு ஆற அமர விண்ணப்பிக்கலாம் என்று விட்டால் எல்லாவற்றையும் மறுபடி படிக்க நேரும்.

மேற்பார்வையாளரை எப்படிப் பிடிப்பது? யாரும் சேர்த்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்களே?

இந்தத் தொழிலின் இடுக்கமான வாசல் இதுதான். லைசென்ஸ் நிலைக்கு 1,000 மணி நேர அனுபவம் வேண்டும், அதை ஆறு மாதத்துக்குக் குறையாத காலத்தில் சேர்க்க வேண்டும். சான்று பெற்ற குடியிருப்பு நிலைக்கு 1,500 மணி நேரம், 12 மாதம். பொது நிலைக்கு 3,000 மணி நேரம், 18 மாதம். அதில் 1,500 மணி நேரம் குடியிருப்பு அல்லாத சொத்துகளில். எண்களைப் பார்த்தால் பெரிதாகத் தெரியாது. அந்த மணி நேரத்தைக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும் என்பதுதான் சிக்கல்.

அவர் தயங்குவதற்குக் காரணம் உண்டு. பயிற்சி பெறுபவருக்குத் திறமை வரும்வரை ஒவ்வொரு வீட்டுக்கும் அவரும் கூடவே போய்ப் பார்க்க வேண்டும். அறிக்கை முழுவதுக்கும் அவர்தான் கையெழுத்து, அவர்தான் பொறுப்பு. சில கடன் நிறுவனங்கள் பயிற்சி பெறுபவர் தனியாகப் பார்த்த வீட்டின் அறிக்கையை ஏற்பதே இல்லை. போதாக்குறைக்கு, இவ்வளவு கற்றுக்கொடுத்த பின் அந்த ஆள் பக்கத்துத் தெருவிலேயே கடை விரிப்பார். ஆக, கற்றுக்கொடுப்பதில் அவருக்கு நேர நஷ்டமும் உண்டு, வருங்காலப் போட்டியும் உண்டு. இதைப் புரிந்துகொண்டு அணுகினால் பேச்சு வேறு மாதிரி போகும்.

"எனக்குப் பயிற்சி தருவீர்களா?" என்று ஒரு வரி மின்னஞ்சலை நூறு பேருக்கு அனுப்புவதில் பலன் குறைவு. அவருக்கு என்ன மிச்சமாகும் என்று யோசியுங்கள். விற்பனைத் தரவு தொகுப்பது, கவுன்டி ஆவணங்களில் பட்டா விவரம், வரி விவரம் தேடுவது, வரைபடம் போடுவது, எக்செலில் சந்தைப் போக்கைக் காட்டுவது போன்ற வேலைகளை முதல் நாளிலிருந்தே செய்து தர முடியும் என்று மாதிரியோடு காட்டுங்கள். ஐ.டி. துறையிலிருந்து வருபவர்களுக்கு இதில் நல்ல சாதகம் இருக்கிறது. ஸ்பானிஷோ வேறு மொழியோ தெரிந்தால் அதையும் சொல்லுங்கள். மாநில அப்ரைசர் சங்கக் கூட்டங்களுக்கும் தொடர்கல்வி வகுப்புகளுக்கும் நேரில் போவது பலன் தரும், அங்கே வருபவர்கள் எல்லோருமே வேலை செய்துகொண்டிருப்பவர்கள். வணிகச் சொத்துகளில் ஆர்வம் இருந்தால் பெரிய மதிப்பீட்டு நிறுவனங்கள் பயிற்சி நிலை ஆட்களைச் சம்பளத்துக்கு எடுப்பதுண்டு. கவுன்டி வரி மதிப்பீட்டு அலுவலகங்களிலும் பாருங்கள். அங்கே செய்யும் வேலையில் எவ்வளவு அனுபவமாகக் கணக்கில் வரும் என்பதை மட்டும் வாரியத்திடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

மேற்பார்வையாளர் ஆவதற்கும் தகுதி உண்டு. சான்று பெற்ற நிலையில் குறைந்தது மூன்று ஆண்டுகள் இருந்திருக்க வேண்டும். தொழில் செய்யும் உரிமையைப் பாதிக்கும் ஒழுங்கு நடவடிக்கை கடந்த மூன்று ஆண்டுகளில் இருக்கக் கூடாது. பொதுவாக ஒரே நேரத்தில் மூன்று பேருக்கு மேல் வைத்துக்கொள்ளவும் முடியாது. நீங்கள் ஒன்றுக்கு மேற்பட்ட மேற்பார்வையாளரிடம் பயிற்சி பெறலாம், ஒவ்வொருவருக்கும் தனிப் பதிவேடு வைக்க வேண்டும்.

அந்தப் பதிவேட்டை அலட்சியம் செய்யாதீர்கள். சொத்து வகை, முகவரி, அறிக்கைத் தேதி, நீங்கள் செய்த வேலை, அவர் சரிபார்த்த விதம், எத்தனை மணி நேரம், அவருடைய கையெழுத்து, லைசென்ஸ் எண் எல்லாம் இருக்க வேண்டும். அன்றன்றைக்கே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவது நல்லது. உறவு கசந்து பிரிந்த பின் பழைய பக்கங்களுக்குக் கையெழுத்து கேட்டு அலைவது பெரிய வேதனை.

என் யோசனை இதுதான்: 75 மணி நேர வகுப்புக்குப் பணம் கட்டும் முன்பே இந்தத் தேடலைத் தொடங்குங்கள். முதலில் வகுப்பு, பிறகு ஆள் என்ற வரிசையில் போனவர்கள்தான் அதிகமாக நடுவழியில் நிற்கிறார்கள்.

ஆளே கிடைக்கவில்லை என்றால் வேறு வழி இல்லையா?

இருக்கிறது. பி.ஏ.ஆர்.இ.ஏ. என்ற திட்டத்தைத் தகுதி வாரியம் 2021 முதல் அனுமதிக்கிறது. கணினி வழியில் மாதிரி வீடுகளைப் பார்த்து, வழிகாட்டி ஒருவரின் திருத்தங்களோடு அறிக்கைகள் எழுதி முடித்தால், அது அனுபவ மணி நேரமாகக் கணக்கில் சேரும். லைசென்ஸ் நிலைக்கும் சான்று பெற்ற குடியிருப்பு நிலைக்கும் தேவையான அனுபவம் முழுவதையுமே இப்படி ஈடுகட்ட முடியும். அப்ரைசர்களின் தொழில்முறைச் சங்கமான அப்ரைசல் இன்ஸ்டிடியூட் 2023-ல் இதைத் தொடங்கியது. நீங்கள் போக நினைக்கும் நிலைக்கான வகுப்புகளை இதற்கு முன்னால் முடித்திருக்க வேண்டும். செலவு உண்டு, உங்கள் மாநிலம் எந்த அளவுக்கு ஏற்கிறது என்றும் பார்க்க வேண்டும். ஊரில் சொந்தபந்தமோ தொழில் தொடர்போ இல்லாமல் வந்த குடியேறிகளுக்கு இதைவிட நியாயமான கதவு இந்தத் தொழிலில் இதுவரை திறந்ததில்லை என்று நினைக்கிறேன். ஆனாலும் முடித்த பின் சில மாதமாவது ஒரு நல்ல அப்ரைசரோடு சேர்ந்து வேலை பாருங்கள். ஈரச் சுவர் வாடையைத் திரையில் காட்ட முடியாது.

எந்த விசாவில் இதைச் செய்யலாம்?

படிப்பதற்கும் வேலை செய்வதற்கும் வேறுபாடு உண்டு. எச்-1பி விசாவில் இருப்பவர் விசா எடுத்துக்கொடுத்த நிறுவனத்துக்கு மட்டுமே வேலை செய்யலாம். மாலையில் மேற்பார்வையாளரோடு போவதும் வேலைதான். எச்-4 விசாவில் வேலை அனுமதி அட்டை இல்லாமல் பயிற்சி எடுப்பதும் ஆபத்து. சம்பளம் வாங்கவில்லையே என்ற சமாதானம் போதாது. குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

தேர்வு எப்படி இருக்கும்?

பயிற்சி நிலைக்கு மாநிலத் தேர்வு கட்டாயம் இல்லை. மற்ற மூன்றுக்கும் தேசிய அளவில் ஒரே பாடத்திட்டத்தில் தேர்வு உண்டு. 125 கேள்விகள், அவற்றில் 110-க்கு மட்டுமே மதிப்பெண். மீதி 15 சோதனைக் கேள்விகள், எவை என்று உங்களுக்குத் தெரியாது. குடியிருப்பு நிலைகளுக்கு நான்கு மணி நேரம், பொது நிலைக்கு ஆறு. படிப்பையும் அனுபவத்தையும் முடித்த பிறகே பொதுவாக எழுத முடியும். தேறினால் அந்த முடிவு 24 மாதம் செல்லும், அதற்குள் லைசென்ஸ் வாங்கிவிட வேண்டும்.

பலர் தடுமாறுவது கணக்கில் என்று நினைப்பார்கள். உண்மையில் கேள்வியை நிதானமாகப் படிக்காமல் விடுவதில்தான் அதிகம் போகிறது. நிதிக் கால்குலேட்டரில் கை பழகியிருக்கட்டும்.

பழைய வழக்கு ஏதாவது இருந்தால் கிடைக்காதா?

விண்ணப்பத்தோடு பின்னணிச் சோதனை நடக்கும். மோசடி, நம்பிக்கைத் துரோகம் போன்றவற்றை வாரியங்கள் கடுமையாகப் பார்க்கின்றன. சிறிய, பழைய விஷயம் என்றால் மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தது தெரியவந்தால் அதுவே மறுக்கக் காரணமாகிவிடும்.

வாங்கிய பிறகும் படிக்க வேண்டுமா?

ஆண்டுக்கு 14 மணி நேரத்துக்கு இணையான தொடர்கல்வி வேண்டும்; இரண்டு ஆண்டுச் சுழற்சி என்றால் 28. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 7 மணி நேர யூஸ்பேப் புதுப்பிப்பு வகுப்பும் இதில் அடங்கும். பாரபட்சம், வீட்டுவசதிச் சட்டம் பற்றிய பாடமும் இப்போது சேர்ந்திருக்கிறது: முதல் முறை 7 மணி நேரம், அப்புறம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 4.

ஒவ்வொரு அறிக்கைக்குமான கோப்பைக் குறைந்தது ஐந்து ஆண்டு பத்திரமாக வைத்திருக்க வேண்டும். நீதிமன்றத்தில் சாட்சி சொன்ன வேலை என்றால், வழக்கு முடிந்த பின் இரண்டு ஆண்டு வரை. இரண்டில் எது நீளமோ அது.

வேறு மாநிலத்துக்குக் குடிபோனால்?

சட்டத்துக்கு இணங்க நடக்கும் மாநிலம் கொடுத்த லைசென்ஸ் உங்களிடம் நல்ல நிலையில் இருந்து, புது மாநிலத்தின் தற்போதைய தகுதிக்கும் குறையாமல் இருந்தால், மறுபடி தேர்வு எழுதாமல் அங்கே வாங்கலாம். ஒரே ஒரு வேலைக்காக எல்லை தாண்டிப் போக வேண்டியிருந்தால் தற்காலிக அனுமதி கிடைக்கும்.

எந்த நிலையை இலக்காக வைப்பது?

வீடுகள்தான் பிடிக்கும் என்றால் லைசென்ஸ் நிலையோடு நிற்காமல் சான்று நிலை வரை போங்கள். எஃப்.எச்.ஏ. கடன்களுக்கான, அதாவது கூட்டாட்சி அரசு காப்பீடு தரும் வீட்டுக்கடன்களுக்கான மதிப்பீட்டைச் சான்று பெற்றவர்கள் மட்டுமே செய்யலாம். முதல் வீடு வாங்குபவர்கள் பலர் அந்தக் கடனில்தான் வருகிறார்கள். பட்டம் இருந்து, எண்களிலும் குத்தகை ஒப்பந்தங்களிலும் பொறுமை இருந்தால் பொது நிலை. அதற்குக் காலம் கூடும், பயிற்சி தர வணிகச் சொத்து தெரிந்தவர் கிடைக்க வேண்டும். பிற்பாடு அப்ரைசல் இன்ஸ்டிடியூட்டின் எம்.ஏ.ஐ., எஸ்.ஆர்.ஏ. போன்ற பட்டங்களையும் சேர்க்கலாம்; அவை தொழில்முறை மதிப்புக்காக, மாநில லைசென்ஸுக்கு மாற்றாக ஆகாது.

ஒருவரிடம் உண்மையிலேயே லைசென்ஸ் இருக்கிறதா என்று எங்கே பார்ப்பது?

அப்ரைசல் துணைக்குழு நடத்தும் தேசியப் பதிவேட்டில் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடலாம். பெயரும் மாநிலமும் போட்டால் அவர் எந்த நிலையில் இருக்கிறார், லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா என்று தெரியும். ஒழுங்கு நடவடிக்கை விவரத்துக்கு மாநில வாரியத்தின் தளத்தையும் சேர்த்துப் பாருங்கள். உங்களுக்குப் பயிற்சி தர ஒருவர் ஒப்புக்கொண்டதும், கை குலுக்கும் முன் அவர் பெயரை இரண்டு இடத்திலும் போட்டுப் பார்த்துவிடுங்கள். தகுதி இல்லாதவரிடம் சேர்த்த மணி நேரத்தை வாரியம் ஏற்காது.